கை தெரியாத தையல்

ஏனுங்க அம்மிணி, இந்தப் பையைச் சித்த உங்க மடியில வெச்சுக்கறீங்களா? மேல வெக்கலாம்னு பார்த்தா அந்த மகராசன் வாழைத்தாரை வெச்சிருக்கறாரு. வாழைப்பால் ஒரு சொட்டு பட்டாப் போதும், சென்மத்துக்கும் போகாதுங்க. ஒண்ணும் கனம் இல்லைங்க. உள்ள பஞ்சுதான்.

நீங்க எதுவரைக்கும்? கோயமுத்தூருங்களா. நான் காங்கேயம். பரமத்தி வந்துருச்சுங்களா? இன்னும் இல்லையா? சரி சரி. இந்த டிரைவர் உருட்டற உருட்டுக்கு நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்னு நெனைக்கறேன்.

இல்லீங்க, இது ஆயுதமெல்லாம் இல்லை. டிரிம்மருங்க, நூல் வெட்டறது. கம்பெனியில ஆளுக்கு ஒண்ணு குடுத்திருப்பாங்க. கழுத்துல மாட்டி மாட்டி, இது இல்லாட்டி எனக்குக் கழுத்துல ஏதோ கொறையற மாதிரி இருக்கும். ஒரு சின்ன வேலை பாக்கி இருக்குதுங்க. பஸ்ஸுல உக்காந்தே முடிச்சுரலாம்னுதான் வந்தேன். நாலு ஓரம் பிரிக்கணும், வேற ஒண்ணை வெச்சு நாலு ஓரம் கையில தைக்கணும். ரோடு நல்லா இருந்தா அரை மணி நேரம். இந்த ஆட்டத்துல பிரிச்சா, பிரிக்கற எடத்தை விட்டுட்டு என்ற விரலை வெட்டிக்குவேன். வெள்ளகோயில்ல பஸ் பத்து நிமிஷம் நிக்கும். அங்க பார்த்துக்கலாம்.

விரிச்சுக் காட்டறேன் இருங்க. அந்த முனையைப் பிடிங்க. இதுக்குக் குயில்ட்டுன்னு பேருங்க. வெளிநாட்டுக்காரங்க போத்திப் படுக்கறது. மேல ஒட்டுத் தையல், நடுவுல பஞ்சு, அடியில ஒரு துணி. கரூர்ல நாங்க செய்யற வேலையே இதுதான். துண்டு துண்டாத் துணியை வெட்டி, சேர்த்துத் தைச்சு ஒரு சதுரம் பண்ணுவோம். அதுக்குக் கட்டம்னு பேரு. இதுல ஒம்பது கட்டம் இருக்குது பாருங்க. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை. இது நட்சத்திரம், என்னோடது. இது காத்தாடி, ஷகிலாவோடது. இந்த முக்கோணமா வரிசை போறது வாத்து, அது பழனாத்தாளுது. கம்பெனியில இப்படியெல்லாம் கலக்க விடமாட்டாங்க. ஒரு போர்வைன்னா முழுக்க ஒரே கட்டம். அதனால ஒருத்திக்கு ஒரு கட்டம் கைவந்துட்டா, அவளுக்கு அதேதான். பதினாலு வருஷமா நான் நட்சத்திரம் தவிர வேற தைச்சதில்லைங்க. ஷகிலா காத்தாடி. கனவுலயும் அவ காத்தாடிதான் தைப்பா.

நடுவுல இருக்குதே, அதைப் பார்க்காதீங்க. அதைத்தான் பிரிக்கணும்.

இது மரகதக்காவுக்குங்க. எங்க லைன்ல செக்கிங் டேபிள்ல இருந்தாங்க. நாங்க தைச்சுப் போடறதைப் பார்த்து, நல்லது ஒரு பக்கம், கோணல் ஒரு பக்கம்னு பிரிக்கற வேலை. அக்காவோட கண்ணு இருக்குதே, அரை நூல் வெலகியிருந்தாப் பிடிச்சுருவாங்க. அதுகூடப் பெரிசில்லைங்க. பேர் எழுதின சீட்டைப் பார்க்காமயே இது இன்னார் தைச்சதுன்னு சொல்லுவாங்க. எப்படிக்கான்னு கேட்டா சிரிப்பாங்க. ஷகிலா நூலை இறுக்கி இழுப்பா, துணி லேசா சுருங்கியிருக்கும். பழனாத்தா முடிக்கற எடத்துல எடது பக்கமா ஓடிருவா. சம்பூர்ணம்னு ஒருத்தி, அவ எதையும் நம்ப மாட்டா, மூலைக்கு மூலை ரெண்டு தடவை முன்னயும் பின்னயும் ஓட்டுவா. மூலையில சுண்டைக்காய் மாதிரி நூல் முட்டிக்கிட்டு நிக்கும். மரகதக்கா அதைத் தடவிப் பார்த்து, வந்துட்டாய்யா சம்பூர்ணம்னு சொல்லுவாங்க. லைன் மொத்தமும் சிரிக்கும்.

என்னைப் பத்தி என்ன சொன்னாங்கன்னு கேளுங்க. ஒரு நாள் என்ற துணியை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, ‘துளசி, உன்ற தையல்ல கையே தெரியலை புள்ள. ஆளே இல்லாத மாதிரி இருக்குது’ன்னாங்க. அன்னைக்கு எனக்குச் சோறே எறங்கலைங்க, அத்தனை சந்தோசம். யாரையும் அக்கா அப்படிச் சொன்னதில்லை. இன்னொருத்தி பொறந்து வந்தாலும் அந்தப் பேர் வாங்க முடியாது.

பரமத்திங்களா இது? இப்பத்தானா?

அக்காவுக்குச் சர்க்கரை. கண்ணுல ஏறிருச்சு. மொதல்ல ஒரு கண்ணு, அப்புறம் அடுத்தது. எங்களுக்கெல்லாம் தெரியும். ஒரு வருஷம் அக்கா பார்த்ததெல்லாம் விரல்லதான். சம்பூர்ணம் பக்கத்துல உக்காந்து சீட்டுப் படிச்சுச் சொல்லுவா. ஆனா விரலுக்குத் தையல் தெரியும், கறை தெரியுமாங்க? ஒரு லாட்டுல எண்ணெய்க் கறையோட நாப்பது பீஸு போயிருச்சு. பையர், அதான் சரக்கு வாங்கற கம்பெனி, அவங்க ஆளு வந்து எல்லாத்தையும் திருப்பிட்டான். லைன் மேல கெட்ட பேரு. நான் போய் மேனேஜர்கிட்டச் சொன்னேன். மரகதக்காவுக்குக் கண்ணு தெரியலைங்க, டேபிளை மாத்துங்கன்னு. அவ்வளவுதான் சொன்னேன். மடிச்சு வெக்கற எடத்துக்கு மாத்துவாங்கன்னு நெனச்சேன். அவங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

நான் சொன்னது பொய்யா? நீங்களே சொல்லுங்க. கண்ணு தெரியலைன்னா தெரியலைன்னுதானே சொல்லணும்? சம்பூர்ணம் அன்னைக்கு என்னைப் பார்த்த பார்வை இருக்குதே, மிஷின் ஊசியைக் கழட்டிக் கண்ணுல வெச்ச மாதிரி. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. வேலை போனது என்னாலதான்னு பேசிக்கிட்டாங்க. பேசிக்கட்டும். எனக்கென்ன.

அந்த ஜன்னலைச் சித்த தெறந்து விடுங்க. இல்லை, வேண்டாம், மண்ணு வருது. மூடுங்க.

அக்கா மகன் வீட்டுக்குக் காங்கேயம் போயிட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு ஷகிலா பார்த்துட்டு வந்து சொன்னா, அக்காவுக்குச் சுத்தமாத் தெரியலை, செவுத்தைப் பார்த்து உக்காந்திருக்காங்கன்னு. அப்ப சம்பூர்ணம்தான் ஒரு யோசனை சொன்னா. நம்ம ஒம்பது பேரும் ஆளுக்கு ஒரு கட்டம் தைப்போம், அவங்கவங்க கட்டம், அவங்கவங்க கைப்பட. எல்லாத்தையும் ஒரே போர்வையில சேர்ப்போம். அக்கா தடவிப் பார்த்து, இது இவ, இது அவன்னு கண்டுபிடிக்கட்டும். ஒம்பது பேரும் கூட இருக்கற மாதிரி இருக்கும்னா. நல்ல யோசனைங்க, நான் இல்லைங்கலை. அவகிட்ட ஆயிரம் கொறை இருந்தாலும் இது நல்ல யோசனை. ஒரு ஞாயித்துக்கெழமை வேன் பிடிச்சு எல்லாரும் போறதுன்னு பேச்சு.

சேர்க்கற வேலை என்கிட்ட வந்துச்சு. வேற யாருகிட்டப் போகும்? கட்டம் பதினெட்டு இஞ்சுன்னு சொல்லியாச்சு. சம்பூர்ணம் தவிர எல்லாரும் கொண்டாந்து குடுத்தாங்க. பரப்பி வெச்சுப் பார்க்கறேன், தலையில அடிச்சுக்கிட்டேன். என்னோடதும் சேர்த்து நாலு கட்டம் பதினெட்டு. நாலு கட்டம் பதினெட்டரை. ஏன்னா, ஒரு பையருக்குச் சொல்ற அளவுல தையலுக்கு விடற துணி சேர்ந்தே வரும். இன்னொரு பையருக்குத் தையல் போக மிச்சம்தான் அளவு. அவங்கவங்க எந்த ஆர்டர்ல பழகினாங்களோ அந்தப் பதினெட்டைத் தைச்சுட்டு வந்துட்டாங்க. எல்லாரும் சொல்றது பதினெட்டு. ஒருத்தியும் பொய் சொல்லலை. ஆனா ஒண்ணோட ஒண்ணு சேராது. சேர்த்துத் தைச்சா ஒரு பக்கம் இழுக்கும், ஒரு பக்கம் தொப்பை விழும்.

சம்பூர்ணம் என்ன சொன்னா தெரியுங்களா? ‘எல்லாக் கட்டத்தையும் சுத்தி ஒரு துணிப்பட்டி வெச்சுரு துளசி. சின்னதுக்கு அகலமா, பெரிசுக்கு மெலிசா. எல்லாம் ஒரே அளவுக்கு வந்துரும். யாரோட தையல்லயும் கை வெக்க வேண்டாம்’னா.

பட்டி! ஒரு பட்டி அகலம், ஒரு பட்டி ஒல்லி. கண்ணு தெரியாதவளுக்குத்தானே, எப்படி இருந்தா என்னன்னு நெனைக்கறாங்க. அதுதான் எனக்குப் பொறுக்கலை. கண்ணு இருந்தப்ப அரை நூல் கோணல் விடாத மனுஷி. கண்ணு போனதும் கோணல் மாணலைக் கொண்டுபோய்க் குடுக்கலாமா? அது அவமானம் இல்லையா? அக்கா விரலுக்கு அது தெரியாமப் போகுமா?

அதனால அந்த நாலு பதினெட்டரையைப் பிரிச்சேன். நாலு மட்டும்தான். ஒவ்வொரு துண்டையும் இத்துனூண்டு நறுக்கி, திரும்பத் தைச்சு, பதினெட்டுக்குக் கொண்டாந்தேன். துணி அவங்க துணி, கட்டம் அவங்க கட்டம், தையல் மட்டும்தான் நான். அப்புறம் பார்த்தா, அந்த நாலும் பளிச்சுன்னு நிக்குது, பக்கத்துல மிச்சம் மூணு இளிச்சுக்கிட்டு நிக்குது. ஷகிலாவோட சுருக்கம் வேற, அயர்ன் போட்டாலும் போக மாட்டேங்குது. சரின்னு அந்த மூணையும் பிரிச்சேன். பழனாத்தாளோட வாத்தெல்லாம் எடது பக்கமா ஓடிக்கிட்டு இருந்துச்சு, நேரா நடக்க வெச்சேன். ஒம்பது ஞாயித்துக்கெழமைங்க. ஒரு கல்யாணம் காட்சிக்குப் போகலை. வீட்டுக்காரரு ஓட்டல்ல சாப்பிட்டாரு. யாராவது கேட்டாங்களா, துளசி, உனக்குக் கை வலிக்குதான்னு? நல்லதுக்குக் காலம் இல்லைங்க.

சம்பூர்ணம் மட்டும் அவ கட்டத்தை என்கிட்டக் குடுக்கவே இல்லை. தைக்கறேன், தைக்கறேன்னு இழுத்தடிச்சா. என்ற புத்தி அவளுக்குத் தெரியும்போல. நான் நடுக் கட்டத்துக்கு ஒரு வெள்ளைத் துணியை வெச்சு, மத்ததைச் சேர்த்துட்டேன்.

பஞ்சு வெச்சு அடித்துணி சேர்க்கறதுக்கு எல்லாரும் என் வீட்டுக்கு வந்தாங்க. மேல்துணியை விரிச்சேன். எப்படி இருந்துச்சு தெரியுங்களா! எட்டுக் கட்டம், எட்டு மாதிரி, ஆனா ஒரு கோடு வெலகலை. எல்லாரும் கிட்ட வந்து பார்த்தாங்க. அசந்துட்டாங்கன்னு நெனச்சேன். ஷகிலா குனிஞ்சு துணியைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தா. அவ பச்சை நூல்ல தைச்சிருந்தாளாம். உள்ள எல்லாம் என்ற வெள்ளை நூலு.

‘துளசிக்கா, இது என்னோடது இல்லையே’ன்னா.

உன்னோடதுதான் புள்ள, அளவு சரி பண்ணேன்னு சொன்னேன். அவ அழுதுட்டா அம்மிணி. ஒரு துணிக்கு யாராவது அழுவாங்களா? பழனாத்தா எழுந்திரிச்சுப் போயிட்டா. சம்பூர்ணம் மட்டும் அசையலை. பஞ்சை வெச்சு, அடித்துணியைச் சேர்த்து, குறுக்கத் தைச்சு முடிக்கற வரைக்கும் கூட இருந்தா. கடைசியில அவ பையிலிருந்து இதை எடுத்தா. இந்த நடுக் கட்டம். நடுவுல சின்னச் செவப்புச் சதுரம், அதைச் சுத்திச் சுத்திப் பட்டை. நாங்க கிணறுன்னு சொல்லுவோம். என் கண்ணு முன்னாலேயே அந்த வெள்ளைத் துணி மேல வெச்சு, கையில நாலு ஓரமும் தைச்சா. ஒரு ஓரம் ஏறி, ஒரு ஓரம் எறங்கி. நாலு மூலையிலயும் அந்தச் சுண்டைக்காய். தைச்சுட்டு எந்திரிச்சு, ‘நீயே தைச்சே, நீயே கொண்டுபோய்க் குடு துளசி. நாங்க யாரும் வரலை’ன்னுட்டுப் போயிட்டா.

வேனும் இல்லை, ஒண்ணும் இல்லை. அதான் தனியாப் போறேன்.

தென்னிலை தாண்டிருச்சுங்களா? நான் பார்க்கவே இல்லையே.

இங்க பாருங்க, இது என்னன்னு சொல்லுங்க. ஆமா, அதே கிணறு. அதே செவப்பு, அதே பட்டை, கடை கடையா அலைஞ்சு அதே துணி எடுத்தேன். நான் தைச்சது. சம்பூர்ணத்தோடதைப் பிரிச்சு எடுத்துட்டு இதை வெச்சுட்டா முடிஞ்சுது. ஒம்பதும் ஒரே சீரா இருக்கும். அவகிட்டப் போய்ச் சொல்லவா போறேன்? யாருக்குத் தெரியப் போகுது?

நம்பலைன்னா ஒரு காரியம் பண்ணுங்க. கண்ணை மூடிக்குங்க. அட, மூடுங்க அம்மிணி, பையெல்லாம் பத்திரமா இருக்கும். இப்ப இந்த எட்டுக் கட்டத்துலயும் விரலை ஓட்டுங்க. மெதுவா. எங்கயாவது தட்டுதா? சுருக்கம் இருக்குதா?

என்னது? எல்லாம் ஒரே ஆளு தைச்ச மாதிரி இருக்குதா! பார்த்தீங்களா! உங்களுக்குத் தையல் பழக்கம் உண்டா? இல்லையா? அப்படியும் கண்டுபிடிச்சுட்டீங்க பாருங்க. அதுதாங்க வேலைங்கறது. இதைக் கேக்க அந்த ஷகிலா இங்க இருக்கணும்.

என்ன கேட்டீங்க?

அக்கா எப்படிக் கண்டுபிடிப்பாங்கன்னா... நான் சொல்லுவேனுங்க. இது ஷகிலா, இது பழனாத்தான்னு பக்கத்துல உக்காந்து சொல்லுவேன். அது ஒரு பெரிய விசயமா? நீங்களும் சம்பூர்ணம் மாதிரியே பேசறீங்களே. தண்ணி வெச்சிருக்கீங்களா? இல்லை, என்கிட்டயே இருக்குது.

அந்தப் பிள்ளை பாட்டுச் சத்தத்தைக் கொறைக்கச் சொல்லுங்களேன். காது அடைக்குது.

சொன்னா நம்ப மாட்டாங்களா என்ன? ஷகிலான்னு சொல்லி அவங்க கையைப் பிடிச்சு வெக்கறேன். அங்க சுருக்கம் இருக்காது. பழனாத்தான்னு சொல்லி வெக்கறேன், அது நேராப் போகும். அக்கா வாயால ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அவங்க குணம் அது. டேபிள்லகூடக் கோணலை ஒதுக்கி வெப்பாங்களே தவிர, யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை. துணியை மடிச்சுப் பக்கத்துல வெச்சுட்டு, சரி துளசின்னு சொல்லுவாங்க. எனக்குத் தெரியும், அந்தச் சரி எப்படி இருக்கும்னு. வீட்டுக்கு அனுப்பின அன்னைக்கும் அதேதான் சொன்னாங்க. கம்பெனி கேட் பக்கத்துல நின்னேன். நான்தான் மேனேஜர்கிட்டச் சொன்னேன்க்கான்னேன். சரி துளசின்னுட்டு, கம்பியைத் தடவித் தடவி எறங்கிப் போனாங்க. ஒரு ஆளு கையைப் பிடிச்சு விடலை அம்மிணி. நானும் பிடிக்கலை. பெல் அடிச்சுருச்சு, மிஷினுக்குப் போயிட்டேன்.

ஒம்பது பேரைக் கொண்டு போறோம்னு பார்த்தா, நான் ஒருத்திதான் போறேன். இல்லை, நானும் இல்லையே. அக்காதான் சொல்லிட்டாங்களே, உன்ற தையல்ல ஆளே இல்லைன்னு. அதைப் போய்ப் பெருமைன்னு இத்தனை வருஷம் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சிருக்கறேன்.

வெள்ளகோயிலா? பத்து நிமிஷம் நிக்குமா? நிக்கட்டும். நான் எறங்கலை. டீ வேண்டாங்க. நீங்க எறங்கறதுன்னா எறங்கிட்டு வாங்க.

இல்லை, பிரிக்கலை. சும்மா கையில வெச்சிருக்கறேன். இந்த மூலையில கை வெச்சுப் பாருங்க. தட்டுதா? நல்லாத் தட்டுதில்ல? அதான் சம்பூர்ணம். ரெண்டு தடவை முன்னயும் பின்னயும் ஓட்டுவா, எதையும் நம்ப மாட்டா. என்னையும் நம்பலை. நம்பாததுனால ஒருத்தியாவது மிஞ்சினா. அக்கா விரல் எப்படியும் இங்க வந்து நிக்கும். வந்துட்டாய்யா சம்பூர்ணம்னு சொல்லுவாங்க. சிரிச்சாலும் சிரிப்பாங்க. அவங்க சிரிக்கும்போது, மத்ததெல்லாம் நான் பிரிச்சுட்டேன்க்கான்னு சொல்லிரணும். நான் சொல்லித்தான் உங்க வேலை போச்சு, நான் பிரிச்சுத்தான் இவங்களும் போனாங்கன்னு. அதுக்கும் சரி துளசின்னு சொன்னாங்கன்னா, என்னால அங்க நிக்க முடியுமான்னு தெரியலை. ஆனா இந்த நாலு மூலையும் இருந்தாத்தான் என்னால அதைச் சொல்லவே முடியும் அம்மிணி. இது இல்லாட்டி அந்த வீட்டுக்குள்ள எப்படிப் போவேன்?

இந்தாங்க. இந்த டிரிம்மரை வாங்கி உங்க பைக்குள்ள போடுங்க. மேல வேண்டாம், அடியில, துணிக்கு அடியில. நீங்களே வெச்சுக்குங்க, என்கிட்ட இன்னொண்ணு வீட்டுல இருக்குது. நான் கேட்டாக் குடுக்காதீங்க. கேப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

இந்தக் கிணத்தையும் வெச்சுக்குங்க, நான் தைச்சது. தலையணைக்கு மேல போட்டுக்கலாம். நல்லா வரும். ஒரு கோணல் இருக்காது.

கூட்டத்தைப் பாருங்க. காங்கேயத்துக்கு எறங்கறவங்க எல்லாம் இப்பவே எந்திரிச்சுட்டாங்க. நானும் மடிச்சு வெச்சுக்கறேன். அந்த முனையைக் குடுங்க. இப்படி மடிச்சா நடுக் கட்டம் மேல வரும். மேலயே இருக்கட்டும்.

அம்மிணி, இந்தப் பக்க ஓரத்துல ஒரே ஒரு நூல் நீட்டிக்கிட்டு இருக்குது பாருங்க. ஒண்ணே ஒண்ணு. கட்டத்தைத் தொட மாட்டேன், சத்தியமா, அந்த நூலை மட்டும். ஒரு நிமிஷம் அதைக் குடுத்தீங்கன்னா...

குடுக்க மாட்டீங்களா?

சரிங்க. அதான் சரி. பையைத் தூக்கி விடுங்க, எறங்கறேன்.